இருளில் கூடும் அவை



இரயில்வே ஊழியரான சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் பிரெஞ்சுக்காரர் டுபாண்டிடம் படக்கருவி வாங்கி, ஊர்தோறும் கூடாரமடித்துச் சலனப்படம் காட்டினார். கோவையின் வெரைட்டி ஹால் அவர் 1914இல் எழுப்பியதே. அம்மரபில் 'கோணங்கள்' திரைப்படச் சங்கம் இந்நகரில் உலகப் படங்களைத் திரையிட்டது.

மேசைக்கடியில் வெடிகுண்டு இருப்பதைப் பாத்திரங்கள் அறியாது, பார்வையாளர் மட்டும் அறிந்தால் பிறப்பதே பதைபதைப்பு என்றார் ஹிட்ச்காக். பலர் ஒருங்கே மூச்சடக்கும்போதுதான் அது முழுமை பெறுகிறது. எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' 1954இல் பாடலே இன்றி வந்தது, வசூலில் தோற்றது, பின்னரே போற்றப்பட்டது. அத்தகைய மறுவாழ்வுக்கு ஒரு திரையும் பொறுமையுள்ள அவையும் வேண்டும்.

ஆகவே, பழைய மர்மப் படங்களோடு கொங்கு இளைஞர்களின் குறும்படங்களும் திரையேற வேண்டும். இன்று பத்துப் பேர் பார்க்கும் படமே நாளை ஊரின் நினைவாகலாம்.