தபாற் பையும் இரு வாயிற் கணினியும்

லயன் அறைகளுக்குத் தனி முகவரி இல்லாத தோட்டங்களில் கடிதம் வீடு தேடி வருவதில்லை. தபாற் கந்தோர் அதனைத் தோட்டத்துப் பையில் இடுகிறது. பை தோட்டக் கந்தோரை அடைகிறது. அதன்பின் எந்த லயத்துக்கு, எத்தனை நாளில் என்பதெல்லாம் அங்குள்ளவரின் கவனத்தைப் பொறுத்தது. நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதம் பரீட்சை முடிந்தபின் கைக்கு வந்த கதையை ஹட்டனிலும் கேட்கலாம், நுவரெலியாவிலும் கேட்கலாம்.

கணினிகளிடையே செய்தி செல்வதும் இவ்வாறே. 1990களின் இறுதியில் கொத்மலைச் சமூக வானொலி, யுனெஸ்கோவின் துணையோடு, நேயர்களின் வினாக்களுக்கு இணையத்தில் விடை தேடி ஒலிபரப்பியது. கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் மக்களுக்கு இணைய வசதி செய்யப்பட்டது. இவ்வாறு பல இடங்களிலுள்ள கணினிகள் ஒன்றோடொன்று பேச வேண்டுமானால், இடையே வழி காட்டும் கணினி ஒன்று இருத்தல் வேண்டும். 1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் தோன்றிய யுனிக்ஸும் அதன் வழிவந்த முறைமைகளும் இப்பணிக்குப் பெயர் பெற்றவை. பழைய கணினி ஒன்றும் இரண்டு வலையமைப்பு அட்டைகளும் போதும்.

ஒரு தோட்டத்தை எண்ணிக்கொள்க. கந்தோரிலுள்ள கணினிகளின் இலக்கங்கள் 192.168.1 எனத் தொடங்குகின்றன. மலைச்சரிவின் கீழுள்ள தேயிலைத் தொழிற்சாலையில் அவை 192.168.2 எனத் தொடங்குகின்றன. இரண்டிடத்தும் ஒவ்வொரு வழிகாட்டிக் கணினி உண்டு. இவற்றை இணைக்கும் தொடுப்பில் கந்தோர் வழிகாட்டியின் இலக்கம் 10.0.0.2, தொழிற்சாலை வழிகாட்டியின் இலக்கம் 10.0.0.3.

தன் இரு அட்டைகளோடும் நேரே தொடுத்த வலையமைப்புகளை வழிகாட்டி தானே அறியும்; அப்பால் உள்ளதை அறியாது. ஆகவே, '192.168.2 க்குரியவற்றை 10.0.0.3 இடம் ஒப்படைப்பாயாக' என்று நாம் எழுதிவைக்க வேண்டும். இதுவே நிலையான வழி எனப்படும். ஓர் அட்டையில் வந்ததை மற்றதன் வழியே அனுப்பும் அனுமதியையும் தனியே வழங்க வேண்டும். பல முறைமைகளில் அது தொடக்கத்தில் மூடியே இருக்கும்.

பலர் இடறுவது இதற்கு அடுத்த படியில்தான். கந்தோரிலிருந்து சென்ற வினா தொழிற்சாலையை அடைந்துவிடும். விடை மட்டும் வராது. கம்பியைக் கழற்றிப் பூட்டுவார்கள், அட்டையை மாற்றுவார்கள். குற்றம் கம்பியில் இல்லை. 192.168.1 க்குத் திரும்பும் வழி 10.0.0.2 என்பதைத் தொழிற்சாலை வழிகாட்டிக்கு எவரும் சொல்லவில்லை. அனுப்புநர் முகவரி கடிதத்தில் தெளிவாக இருந்தும், அதற்குச் செல்லும் பாதை தெரியாத தபாற்காரர் என்ன செய்வார்?

எழுதிய வழி தானாக மாறுவதுமில்லை. மண்சரிவில் பாதை அடைபட்டாலும் பழைய பாதையிலேயே ஆளை அனுப்பும் கந்தோரைப் போன்றது அது. இரண்டு கட்டடங்களுக்கு இது பெருங்குறையன்று. பல கிளைகள் பெருகினால், தாமே வழி அறியும் முறைகளை நாட வேண்டும்.

இன்னொன்று. கட்டளையாக மட்டும் தட்டிய வழி, கணினி அணைந்ததும் மறைந்துபோகும். மழைக்காலத்தில் அடிக்கடி மின்சாரம் தடைப்படும் மலைநாட்டில், அதனைக் கணினி எழும்போது படிக்கும் கோப்பிலும் எழுதிவைத்து, ஒருமுறை வேண்டுமென்றே அணைத்து ஏற்றி, இரு பக்கத்திலிருந்தும் சோதித்துப் பார்ப்பார்கள்.