மூச்சுக் கணக்கு
(மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் டாக்டர் இல்லை. ஐம்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் விலங்கியல் எடுத்து பி.எஸ்ஸி. தேறியவன். அப்புறம் தணிக்கைத் துறையில் 36 வருஷம் குப்பை கொட்டினேன். ஆகவே சுவாசத்தைப் பற்றியும் கணக்குப் பார்ப்பவன் போலத்தான் பேசுவேன். ஏன் இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் பாதை. மூக்கு வெறும் துவாரம் அல்ல. காற்றை வடிகட்டி, உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்து, ஈரமாக்கி அனுப்புகிறது. வாயால் மூச்சு விட்டுத் தூங்கினால் காலையில் தொண்டை வறண்டிருப்பது இதனால்தான். குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழல், சுமார் 11 செ.மீ. நீளம். அது அமுங்கிப் போகாமல் இருக்கக் குருத்தெலும்பு வளையங்கள் உண்டு. அவை பின்பக்கம் மூடியிருக்காது. பின்னால் உள்ள உணவுக்குழலில் கவளம் இறங்க இடம் வேண்டுமே! குழல் இரண்டாகப் பிரியும்போது வலது கிளை சற்று அகலமாகவும் செங்குத்தாகவும் இருக்கிறது. புரையேறி உள்ளே போகும் கடலைப்பருப்பு பெரும்பாலும் வலது பக்கம்தான் போய்ச் சேரும். சாப்பிடும்போது பேசாதே என்று பாட்டி சொன்னதில் அர்த்தம் உண்டு.

வலது நுரையீரலுக்கு மூன்று மடல்கள், இடதுக்கு இரண்டுதான். இதயத்துக்கு இடம் விட வேண்டியிருக்கிறது. குழாய்கள் ஏறக்குறைய 23 தடவை கிளை பிரிந்து காற்று நுண்ணறைகளில் முடிகின்றன. இவை 30 கோடிக்குக் குறையாது. எல்லாவற்றையும் விரித்துப் போட்டால் சுமார் 70 சதுர மீட்டர், அதாவது 750 சதுர அடி. ஒரு சின்ன ஃபிளாட்டையே நெஞ்சுக்குள் மடித்து வைத்திருக்கிறோம். காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் உள்ள சுவர், ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெல்லியது. அதன் வழியே பிராணவாயு ரத்தத்துக்குள் போகிறது, கரியமில வாயு வெளியே வருகிறது. உள்ளே இழுக்கும் காற்றில் 21 சதவீதம் பிராணவாயு. வெளியே விடும்போது சுமார் 16 சதவீதம்.

நுரையீரல் தானாக விரியாது. உதரவிதானம் என்னும் தசை கீழே இறங்க, விலா எலும்புகள் மேலே எழும்ப, மார்புக்கூடு பெரிதாகி, காற்று தானே உள்ளே வருகிறது.

இப்போது கணக்கு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு மூச்சுக்கு சுமார் 500 மி.லி. காற்று. அதில் 150 மி.லி. குழாய்களிலேயே நின்றுவிடும். ஆபீஸ் பாஷையில் இது பிரயாணப்படி. வேலைக்கு ஆவது 350 மி.லி.தான். நிமிஷத்துக்கு 12 தடவை நிதானமாக விட்டால் 12 x 350, அதாவது 4,200 மி.லி. நுண்ணறைக்குப் போகிறது. அதே 6 லிட்டர் காற்றை 24 தடவை 250 மி.லி.யாக மேலோட்டமாக விட்டால்? ஒவ்வொன்றிலும் 150 கழிய, மிச்சம் 100. மொத்தம் 2,400 மி.லி.தான்! சந்தியாவந்தனத்தில் மூக்கைத் தொட்டுவிட்டு மூன்று விநாடியில் பிராணாயாமத்தை முடிக்கிறவர்கள் (நானும் ஆபீஸ் நாட்களில் அப்படித்தான்) இந்தக் கணக்கைக் கவனிக்க வேண்டும்.

கடைசியில் சொல்கிறேன் என்ற விஷயத்துக்கு வருகிறேன். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலை. வேறு ஊரில் இருந்த என் மைத்துனருக்கு ஜுரம் வந்து ஐந்தாம் நாள். போனில், "ஆக்ஸிமீட்டர் 88 காட்டறது அத்திம்பேர். ஆனா எனக்கு மூச்சு முட்டவே இல்லை, நன்னாத்தான் இருக்கேன். மிஷின்தான் கோளாறு" என்றார். "பேட்டரியை மாத்திப் பாரு" என்றேன். விலங்கியல் படித்த நான்! இரண்டு நாள் போயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை.

பிறகுதான் பழைய பாடம் ஞாபகம் வந்தது. மூச்சு முட்டும் உணர்வைத் தருவது பெரும்பாலும் பிராணவாயுக் குறைவு அல்ல, கரியமில வாயு சேர்வதுதான். மூளையின் அடியில் உள்ள முகுளம் அதைத்தான் முக்கியமாகக் கவனிக்கிறது. கரியமில வாயு அந்த மெல்லிய சுவரைப் பிராணவாயுவைவிட சுமார் 20 மடங்கு சுலபமாகக் கடக்கும். ஆகவே நுண்ணறைகள் பழுதானாலும் அது வெளியேறிவிடுகிறது, பிராணவாயு மட்டும் உள்ளே போவதில்லை. உடம்பு எச்சரிக்கை மணி அடிக்காமலே இருந்துவிடுகிறது.

அந்த மணியை அடிக்கத்தான் ஆக்ஸிமீட்டர். அதன் தத்துவத்தை 1970களில் கண்டவர் டக்குவோ அவோயாகி என்ற ஜப்பானியப் பொறியாளர். அவர் 2020 ஏப்ரலில் காலமானார். விரல் சில்லிட்டிருந்தாலும், நகப்பூச்சு இருந்தாலும் அளவு தவறலாம். விரலைச் சூடாக்கி, வேறு விரலில் பாருங்கள். அப்போதும் 94க்குக் கீழே இருந்தால் டாக்டரைக் கூப்பிடுங்கள். 90க்குக் கீழே என்றால் உடனே ஆஸ்பத்திரி. (நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்கள் தங்கள் டாக்டர் சொன்ன அளவைக் கொள்ளவும்.) கருவி இல்லையா? படுத்திருப்பவரின் மார்பைப் பார்த்து ஒரு நிமிஷம் எண்ணுங்கள். 12 முதல் 20 வரை சரி. 24ஐத் தொட்டால், அவர் எத்தனை நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் நம்பாதீர்கள்.

தணிக்கையில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், கணக்கு ஒத்துவராவிட்டால் புத்தகத்தைச் சந்தேகி, பேனாவை அல்ல. அன்றைக்கு நான் அதை மறந்தேன். நீங்கள் மறக்க வேண்டாம்.