ஆறு மாதத்துக்குப் பிறகும்

பக்கவாதம் வந்து ஆறு மாதம் ஆகிவிட்டால், 'இனி இவ்வளவுதான்' என்று பல வீடுகளில் கட்டிலோடு விட்டுவிடுகிறார்கள். அது தப்பு. முன்னேற்றத்தின் வேகம் குறையலாம், நின்றுவிடாது. திரும்பத் திரும்பச் செய்யும் வேலையால்தான் மூளை புதிதாகப் பழகுகிறது.

அப்பாவின் சட்டைப் பொத்தானை நீங்களே போட்டுவிடாதீர்கள். பாதித்த கையாலேயே அவர் புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாகக் கிண்ணத்தில் எடுத்துப் போடட்டும். நேரமாகும், ஆகட்டும். பொத்தானும் வசப்படும். ஆனால் அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவே கூடாது, தோள்மூட்டு நழுவலாம்.

மேலூர், உசிலம்பட்டியிலிருந்து மதுரை பெரியாஸ்பத்திரிக்கு பஸ் ஏற முடியாதவர்கள் என்ன செய்வது? 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. இன்றே உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள்.