அண்டி ஆபீஸுக்கு நான் அழ மாட்டேன்



கருங்கல் பக்கம் நின்ற நம்ம பழைய முந்திரி ஆலையை, நாம் சொல்கிற அண்டி ஆபீஸை, ஜேசிபி வந்து இடித்துப் போட்டுவிட்டது. இன்றைக்கு இந்த மேடையில் கவிஞர்கள் அதற்கு இரங்கற்பா வாசித்தார்கள். புகைக்கூண்டுக்குக் கண்ணீர், ஓட்டுக்கூரைக்குக் கண்ணீர்! கவிஞர்கள் கோபிக்கக் கூடாது. உங்களில் ஒருத்தரும் அங்கே அண்டி தல்லித் தோடு உடைத்தவரில்லை. நான் தல்லியிருக்கிறேன். அது விழுந்ததில் எனக்குச் சந்தோஷம்தான்.

காலையில் குத்தவைத்து உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை கல்லும் கட்டையும்தான். வறுத்த தோட்டின் எண்ணெய் பட்ட இடம் பொள்ளும். சேராங்கொட்டையும் கொல்லா என்கிற முந்திரியும் ஒரே குடும்பம் என்று தாவரவியல்காரர்கள் சொல்கிறார்கள். எங்கள் விரலுக்கு அது முன்னமே தெரியும். சாம்பலைப் பூசிக்கொண்டு தல்லுவோம். பருப்பு உடைந்தால் கூலியும் உடையும். முழுசாக வந்தது, பவுண்டுக்கு 320 வரை நிற்கிற ரகம், டபிள்யூ 320 என்று பெயர் வாங்கிக் கப்பலேறும். தல்லிய விரலை இன்றைக்கு ரேஷன் கடை மெஷினில் வைத்தால், ரேகையே இல்லை என்கிறது.

அண்டி இங்கே வந்த காரணத்தையும் சொல்கிறேன். 1956 நவம்பர் 1-ல் இந்தக் குமரி மண் தாய்த்தமிழகத்தோடு சேர்ந்ததை நாம் வெற்றியாகக் கொண்டாடுகிறோம், சரிதான். கேரளத்துக் கொல்லத்தின் அண்டி முதலாளிமாருக்கோ, எல்லையில் களியக்காவிளை தாண்டினால் கூலி குறைவு. கேரளத்தில் சங்கமும் கூலிச் சட்டமும் இறுகியபோது அண்டிச் சாக்கு இந்தப் பக்கம் வந்த கதை அதுதான்.

இனி என் காரியத்துக்கு வருகிறேன். இடித்த மண்ணுக்குள் மஸ்டர் ரோல் புத்தகங்கள், எங்கள் வருகைப் பதிவேடுகள், கிடக்கின்றன. பழைய பேப்பர்காரர் தராசோடு வரப்போகிறார். அங்கே தல்லிய, இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற அக்காமார் பி.எஃப். பென்ஷனுக்குப் பத்து வருஷ சர்வீஸ் காட்ட வேண்டும். 2014-லிருந்து குறைந்தபட்சம் மாசம் 1000 ரூபாய். மருந்துக்கடைக்கே காணாது, ஆனாலும் அது அவர்கள் உழைத்த காசு. இந்த அக்காமாரில் பலருக்குப் பி.எஃப். கணக்கில் மரியம்மாள், ஆதாரில் மேரி. பாதி வருஷங்கள் கணக்கிலேயே ஏறவில்லை. வாதாட அந்தப் புத்தகத்தை விட்டால் வேறு சாட்சி ஏது?

அதனால், இரங்கல் தீர்மானத்தை மடக்கி வையுங்கள். மஸ்டர் புத்தகங்களை வாங்கி நம்ம நூலகத்தில் வைக்க ஒரு தீர்மானம் போடுங்கள். எடைக்கு என்ன விலையோ, நான் தருகிறேன். வெளியே லோடு ஆட்டோ நிற்கிறது. தூக்குவதற்குக் கவிஞர்கள் இரண்டு பேர் வந்தால் போதும்.