நோயுற்றோர் நடை



தமிழில் ‘நடை’ என்னும் சொல்லுக்குப் பொருள் பல. காலால் நடப்பதும் நடை. எழுத்தின் போக்கும் நடை. வாழ்வின் ஒழுக்கமும் நடை. தமக்குப் புற்றுநோய் என்று அறிந்த பின்னும் ஒருவர் பிறர் நலம் கருதித் தெருவில் இறங்கும்போது இம்மூன்றும் ஒன்றாகின்றன. அவ்வாறு புறப்பட்டோருள் உலகறிந்தவர் டெரி ஃபாக்ஸ் என்னும் கனடா நாட்டு இளைஞர்.

1958-இல் பிறந்த அவருக்கு, 1977-இல், பதினெட்டாம் வயதில், எலும்புப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. வலக்கால் முழங்காலுக்கு மேலே நீக்கப்பட்டது. சிகிச்சைக் காலத்தில் தம்மினும் இளைய பிள்ளைகள் படும் துயரைக் கண்டவர், ஆராய்ச்சிக்குப் பொருள் திரட்ட நாட்டைக் குறுக்கே கடப்பதென்று முடிவு செய்தார். 1980 ஏப்ரல் 12 அன்று அட்லாண்டிக் கடலில் செயற்கைக் காலை நனைத்துவிட்டு மேற்கு நோக்கிப் புறப்பட்டார். நாளொன்றுக்கு ஏறத்தாழ 42 கிலோமீட்டர். கேட்டது ஒவ்வொரு கனடியரிடமும் ஒரு டாலர். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் கடந்து, செப்டம்பர் 1 அன்று தண்டர் பே நகருக்கு அருகே நின்றார். நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. 1981 பிப்ரவரிக்குள் அவர் கேட்ட தொகை சேர்ந்தது. ஜூன் 28-இல் அவர் மறைந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் அவர் பெயரால் நடந்த முதல் ஓட்டத்தில் மூன்று லட்சம் பேர் கலந்துகொண்டனர். அதில் போட்டி இல்லை; பரிசு இல்லை. ஓட இயலாதவர் நடக்கலாம். சென்னை ஐ.ஐ.டி. வளாகத்திலும் அந்த ஓட்டம் நிகழ்ந்துள்ளது.

பொதுமக்களின் கொடையால் நோயை எதிர்கொள்ளும் வழி தமிழகத்துக்குப் புதிதன்று. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் வழியே நிதி திரட்டினார். 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. டாக்டர் வி. சாந்தா 2021-இல் மறையும் வரை அதற்கே தம் வாழ்வை அளித்தார்.

எனினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. நிதியைக் காசோலையாகவே அனுப்பிவிடலாமே. நோயுற்ற ஒருவர் ஏன் வெயிலில் நடக்க வேண்டும்? இதற்கு விடை வேலூர் மண்ணிலேயே இருக்கிறது.

1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் விரல்கள் அழிவதற்குக் காரணத்தை ஆராய்ந்தார். நோய் நேராகச் சதையைத் தின்பதில்லை; வலி உணரும் ஆற்றல் போய்விடுவதால், சுட்டதும் வெட்டியதும் தெரியாமல் புண் பெருகிக் கைகால் சிதைகின்றன என்று விளக்கினார். உணர்வற்ற பாதங்களைக் காக்க மென்மையான நுண்துளை ரப்பர் செருப்புகள் வேலூரிலும் கரிகிரியிலும் உருவாயின. வலி ஒரு காவலாளி என்பதே அவர் கற்பித்த பாடம்.

புற்றுநோய் அந்தக் காவலாளியை ஏமாற்றும் நோய். மார்பகக் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. கருப்பை வாய்ப் புற்றும் நெடுங்காலம் அரவமின்றி வளர்கிறது. “வலித்தால் பார்த்துக்கொள்ளலாம்” என்று ஒரு தாய் காத்திருக்கும் மாதங்களே அவள் உயிரின் விலையாகிவிடுகின்றன. உடல் சொல்லத் தவறியதை ஊரில் ஒருவர் சொல்லியாக வேண்டும். நோயைக் கண்டறிந்து, சிகிச்சை பெற்று, முடி உதிர்ந்த தலையோடு தெருவில் நடக்கும் ஒரு பெண் அந்தச் செய்தியைத் தன் உடலாலேயே சொல்கிறாள். காசோலைக்கு அந்த ஆற்றல் கிடையாது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை வட்டாரத்துக்கு இச்செய்தி கூடுதலாகத் தேவைப்படுகிறது. உலகம் நடக்கும் காலணிகளில் பல இவ்வூர்ப் பெண்களின் தையலில் உருவாகின்றன. விடியலில் கம்பெனி வண்டி ஏறுபவர்களுக்கு ஒரு நாள் மருத்துவமனை செல்வது ஒரு நாள் கூலியை இழப்பதாகும். டேனரிக் கழிவு பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை நிலைநாட்டியது. அறுவிணைதிறக் குரோமியமும் தோல் தூசும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. பதனிடும் குரோமியம் வேறு வகையினது. ஊரில் காணும் நோய் அனைத்தையும் தொழிலின் தலையில் சுமத்துவது அறிவியலாகாது. அச்சத்தைப் பெருக்குவதினும் பரிசோதனையைப் பெருக்குவதே நன்று. 2023-இல் தமிழக அரசு வாய், மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனைத் திட்டத்தைச் சில மாவட்டங்களில் தொடங்கியபோது இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் அவற்றுள் இடம்பெற்றன. அந்த வாசல் வரை மக்களை அழைத்துச் செல்லாத நடை, பனியனும் பதாகையும் கொண்ட திருவிழாவாகவே முடியும்.

கவிஞர் பெருமக்களுக்கு இதில் ஒரு தனிப் பங்கு உண்டு. ‘சமுதாயத்தின் புற்றுநோய்’ என்று ஊழலையும் சாதியையும் சாடுவது மேடைக்கவிதையில் வழக்கமாகிவிட்டது. தாமே அந்நோய்க்கு ஆளான அமெரிக்க எழுத்தாளர் சூசன் சாண்டாக், 1978-இல் வெளியிட்ட நூலில், நோயை உருவகமாக்கும் பழக்கம் நோயாளியின் சுமையைக் கூட்டுகிறது என்று வாதிட்டார். ஊழலும் சாதியும் மனிதர் செய்யும் குற்றங்கள். புற்றுநோய் எவரும் செய்த குற்றமன்று. குற்றத்துக்குரிய சொல்லை நோய்க்கு அணிவித்தால், நோயாளி குற்றவாளியைப் போல் ஒளிந்துகொள்வார். கல்யாணத்துக்கு நிற்கும் மகள் இருக்கும் வீட்டில் தாயின் நோய் ‘வயிற்றுக் கட்டி’ என்று பெயர் மாறுவது இவ்வாறுதான். “பெரிய வியாதி” என்ற தாழ்ந்த குரலுக்குள் எத்தனையோ பேரின் சிகிச்சைக் காலம் கரைந்துபோயிருக்கிறது.

நோயாளியை வீரர் என்று போற்றுவதிலும் ஓர் அளவு வேண்டும். ஃபாக்ஸ் போர்க்குணம் மிக்கவர்தாம்; எனினும் அவர் மறைந்தது மன உறுதி குறைந்ததால் அன்று. அந்நாளின் மருத்துவத்தால் அவ்வளவே இயன்றது. நடக்க முடியாமல் படுக்கையில் இருப்பவர் தோற்றவராகிவிடுவதில்லை. அவரையும் எண்ணி எழுதப்படும் கவிதையே அவர் பக்கம் நிற்கும்.

உருவகத்தை விட்டுவிட்டு நோயை நோய் என்றே எழுதும் துணிவும், எழுதியதோடு நில்லாமல் அண்டை வீட்டுச் சகோதரியைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும் கடமையும் இவ்வட்டத்தின் அடுத்த பத்தாண்டுப் பணிகளுள் இடம்பெறுமாக.