யூரியா இன்றா, மூன்று நாள் கழித்தா?

(ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஐப்பசி மாதம். டெல்டாவில் சம்பா நடவு முடிந்து மேலுரம் இடும் நேரம். விவசாயியிடம் ஒரு மூட்டை யூரியா இருக்கிறது. இன்றே தூவுவதா, மூன்று நாள் பொறுப்பதா? தரவு, முன்கணிப்பு என்று நாம் பேசுவதெல்லாம் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிடும். அதனால் இதையே எடுத்துக்கொள்கிறேன்.

பதிலின் துண்டுகள் வெவ்வேறு இடங்களில் கிடக்கின்றன. 2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம் கார அமில நிலை, தழைச்சத்து, துத்தநாகம் என 12 விவரங்களைத் தருகிறது. பயிரின் பசியை இலை வண்ண அட்டை காட்டும். வானிலைத் துறையின் வேளாண் ஆலோசனை செவ்வாயும் வெள்ளியும் வருகிறது. 'மேகதூத்' செயலியிலும் பார்க்கலாம். தனித்தனியாக இருக்கும்வரை இவை அரைகுறைப் பதில்களே. மண்ணில் தழைச்சத்து குறைவு, இலையும் வெளிறியிருக்கிறது. ஆனால் நாளை கனமழை என்றால் இன்று போடக் கூடாது. 45 கிலோ மூட்டையில் சுமார் 20 கிலோ தழைச்சத்து. வரப்பு வழிந்தால் அதில் ஒரு பங்கு வாய்க்காலோடு போய்விடும். பணமும் போச்சு, குளத்தில் பாசியும் மண்டும்.

கணினி செய்வதும் இந்தச் சேர்ப்பு வேலையைத்தான். பல ஆண்டு மழைப் பதிவு, செயற்கைக்கோள் படம், மண் விவரம் எல்லாவற்றையும் ஒருசேர வைத்து, முன்பு இப்படி இருந்தபோது என்ன நடந்தது என்று கணக்குப் போடுகிறது. மந்திரம் ஏதுமில்லை.

அதன் பதிலைப் படிப்பதில்தான் சிக்கல். "மழைக்கு 70 விழுக்காடு வாய்ப்பு" என்றால் 'மழை வரும்' என்றே நம் காதில் விழுகிறது. பெய்யாவிட்டால் 'பொய்' என்கிறோம். அப்படிச் சொன்ன பத்து நாள்களில் மூன்று நாள் பெய்யாமல் இருப்பதுதான் கணக்குப்படி சரி. நிகழ்தகவை நாணயத்தோடும் பகடையோடும் நிறுத்திக்கொள்வதால் வரும் வினை இது என்பது என் எண்ணம்.

இன்னொன்று. எத்தனை விழுக்காட்டில் முடிவெடுப்பது என்பதைச் செயலி சொல்லாது. மேலுரத்தைச் சில நாள் தள்ளினால் இழப்பு சிறிது. ஆகவே 40 என்றாலும் பொறுக்கலாம். முற்றிய கதிர் வயலில் நிற்கும்போதோ 30 என்றாலே அறுவடை இயந்திரத்துக்குச் சொல்லிவிட வேண்டும். எதை இழக்க முடியும் என்பது விவசாயிக்குத்தான் தெரியும்.

பள்ளியில் என்ன செய்யலாம்? நேரான சுவருள்ள தட்டையடிப் பாத்திரம் ஒன்றைத் திறந்தவெளியில் வையுங்கள். தினமும் காலை 8.30 மணிக்கு அளவுகோலால் அளக்கட்டும். 1 மி.மீ. மழை என்பது சதுர மீட்டருக்கு 1 லிட்டர். ஏக்கருக்குச் சுமார் 4,000 லிட்டர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் போடக்கூடிய கணக்குதான். பக்கத்துக் கட்டத்தில் முன்னறிவிப்பையும் எழுதச் சொல்லுங்கள். முன்னறிவிப்பு பரந்த பகுதிக்கானது. பிள்ளைகள் அளப்பது நம் ஊருக்கானது. இரண்டும் எத்தனை முறை ஒத்துப்போயின என்பதை எட்டாம் வகுப்பு மாணவர்கள் விழுக்காட்டில் சொல்லட்டும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் வந்துவிடும். குறிப்பேட்டில் செப்டம்பரிலேயே கட்டம் போட்டு வைத்துவிடுங்கள்.