அறத்தின் விலையைச் சுமப்பவர் யார்?

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நிறுவனத்தை நடத்துபவர் உள்ளத்தில் போற்றும் அறம், அவர் எடுக்கும் முடிவுகளை எவ்வாறு வடிவமைக்கிறது? இதுவே எனக்களித்த தலைப்பு. பட்டு நெய்யும் ஊரில் பட்டிலிருந்தே சான்று காட்டலாம்.

வழக்கமாகக் கூட்டுப்புழுவைச் சூடேற்றிக் கொன்ற பின்னரே பட்டிழை எடுக்கப்படுகிறது. பூச்சி கூட்டைத் துளைத்து வெளியேறினால் அறுபடாத நீண்ட இழை கிடைக்காது. குடியரசுத் தலைவர் இரா. வெங்கட்ராமனின் துணைவியார் ஜானகி அம்மையார், உயிர்க்கொலையற்ற பட்டுப்புடவை கிடைக்குமா என வினவினார். ஆந்திர மாநிலக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவு அமைப்பான ஆப்கோவில் அலுவலராயிருந்த குசுமா ராஜய்யா, அவ்வினாவை நெஞ்சில் ஏற்றார். பூச்சி பறந்து சென்ற பின் எஞ்சும் கூட்டைப் பஞ்சுபோல் நூற்று ‘அகிம்சைப் பட்டு’ நெய்வித்தார். அம்முறைக்குக் காப்புரிமையும் பெற்றார்.

இம்முறையில் கிடைக்கும் நூல் குறைவு, நூற்கும் காலம் மிகுதி, பளபளப்பும் சற்றுக் குறைவு, விலையோ கூடுதல். கணக்கேடு ‘வேண்டா’ என்றது. அவர்தம் மனமோ ‘செய்’ என்றது.

நாம் அனைவரும் நாளையே அவ்வழிக்கு மாறுதல் அரிது. பட்டை நம்பி அடுப்பெரியும் இல்லங்கள் இங்குப் பல. ஆயினும் இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்கள் நம் கைக்கெட்டாதவை அல்ல. கள்ளாமைக்கு இழுக்காகும் செயல்கள் ஐந்தனைத் தத்துவார்த்த சூத்திரம் கூறுகிறது. அளவையில் ஏமாற்றுதலும், போலியை மெய்ப்பொருள் என விற்றலும் அவற்றுள் இரண்டு. கலப்பு நூலைத் தூய பட்டென்றும், போலிச் சரிகையை வெள்ளிச் சரிகையென்றும் விற்பதா என்னும் கேள்வி, கல்லாவில் அமர்ந்திருப்பவர் முன் அன்றாடம் எழுகிறது. வாங்குவோர் கண்ணுக்கு அவ்வேறுபாடு புலப்படாது.

இதற்காகவே 2004இல் மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியால் ‘சில்க் மார்க்’ முத்திரை வந்தது. அம்முத்திரை பட்டின் தூய்மையை உரைக்கும். நெய்த கைக்கு உரிய கூலி சென்றதா என்பதை உரைக்காது. சட்டமும் முத்திரையும் எட்டாத அவ்விடத்தில் முதலாளியின் மனமே சான்று.

சரக்குத் தேங்கும் மாதத்தில் முதலில் குறைவது எது? தம் இலாபமா, நெசவாளர் கூலியா? தூய பட்டே விற்பேன் என உறுதி பூண்டு, அதனால் வரும் இழப்பை நெசவாளர் தலையில் ஏற்றுவாராயின், அவ்வறத்திற்கு விலை கொடுத்தவர் நெசவாளரே, முதலாளி அல்லர்.

விழாவில் கொடுக்கும் நன்கொடை ஒருநாள் அறம். கூலிக் கணக்கு எழுதும் நாளில் நேர்மையோடிருத்தல் ஆண்டு முழுதுக்குமான அறம். அதனைப் போற்றுவோமாக.